ரயிலடியில் தவறவிட்ட சம்பந்திக்கு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியாததால் அதை மட்டும் கேட்காமல் விடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை தங்களை ரயிலடியில் நிற்க வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்ட சம்பந்தி நான்தான். இதற்கு மன்னிப்புக் கேட்டு நாலே வரி எழுதச் சொன்னாள் என் மனைவி. என்ன எழுத வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள். "காய்ச்சல், உடம்பு சரியில்லன்னு எழுதுங்க. வேற எதையும் உளறி வைக்காதீங்க." அப்படியே மூன்று வரி எழுதினேன். காய்ச்சலில் கிடக்கிறவன் எதற்காக எழுந்து போய் இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்பதை நாலாவது வரியில் விளக்க வேண்டியிருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. ஆகவே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அவள் இப்போது மருந்துக் கடையில் வேலைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்துகிறேன். நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதாகத் தங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. "இந்த வயசுல என்ன ஒரு ஆர்வம்!" என்று தாங்கள் வியந்ததாக மருமகள் சொன்னபோது எனக்குக் கூசிப்போயிற்று. நான் போகும் அறையில் கம்ப்யூட்டர் இருப்பது நிஜம். ஆனால் அங்கே நான் அதை இயக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதுதான் என்னை இயக்கிப் பார்க்கிறது.

பட்டாளத்தில் நான் செய்தித் தொடர்புப் பிரிவு. காதில் ஒரு தடவை விழுந்ததை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வதுதான் உத்தியோகம். 'டேப் ரிக்கார்டர்' என்றுதான் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று வந்தபிறகு அந்த டேப் ரிக்கார்டரில் நாடா சிக்கிக்கொண்டது. காரணம் கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. கூடப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை, நான் திரும்பினேன், அது ஒன்று. காலையில் கண் விழித்தால் இதைச் செய் என்று சொல்ல யாரும் இல்லை, அது இன்னொன்று. நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பத்திரிகையைப் பிரித்தால் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன், முடிவில் யார் செத்தார்கள், யார் ஜெயித்தார்கள் என்றே தெரியாது. வீட்டில் இதைச் சோம்பல் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஸ்கூட்டர் காணாமல் போகும்வரை.

கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரில் போனவன் கால்நடையாக வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் ஸ்கூட்டர் இல்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். ஏட்டு ரொம்ப அக்கறையானவர். "கடைசியா வண்டியை எங்க சார் பார்த்தீங்க?" என்றார். "கடைத்தெருவுல." "எப்போ?" "இப்பதான். நிறுத்திப் பூட்டிட்டு, சாவியை எடுத்துக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்து, என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் என் வண்டி பக்கத்தில் இறக்கிவிட்டார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் பயந்தேன், சம்பந்தி. குண்டுக்குப் பயப்படாதவன் என்றெல்லாம் சொல்ல வரவில்லை, அதற்கும் நன்றாகவே பயந்திருக்கிறேன். ஆனால் இது வேறு பயம். மூளை கழன்றுகொண்டிருக்கிறது, இனி ஒவ்வொன்றாகப் போகும், கடைசியில் கட்டினவள் முகமும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் மனைவிதான் எழுப்பி முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் என்னென்னவோ சோதனை எல்லாம் செய்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஞாபகசக்தி எங்கயும் ஓடிப்போகலை. உங்களுக்கு இருக்கிறது மனச்சோர்வு. மனசு இப்படிச் சோர்ந்துபோனா, வெளியில நடக்கிற எதையும் உள்ள விடாம கதவைச் சாத்திக்கும். உள்ள வராத பொருளை உள்ள தேடினா எப்படிக் கிடைக்கும்?" எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி, "அப்ப சரியாயிடுமா டாக்டர்?" என்றாள். "மாத்திரை இருக்கு, பேச ஆள் இருக்கு. அதோட ஒரு பயிற்சி வகுப்பும் இருக்கு. கவனத்தையும் நினைவையும் பழக்கிவிடுற வகுப்பு" என்றார். பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டதாக என் மனைவி இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

வகுப்பு நடப்பது பல் டாக்டர் அறைக்கு அடுத்த அறை. பக்கத்தில் யாராவது அலறினால் நாங்கள் எல்லோரும் மறந்ததைச் சட்டென்று ஞாபகப்படுத்திக்கொள்வோம். சொல்லிக்கொடுப்பவர் என் மகன் வயதுப் பெண். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்கிறார். எங்களால் முடியவில்லை, எழுந்து நின்று "மேடம்" என்கிறோம். என்னோடு படிப்பவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் பீரங்கி. பீரங்கிப் படையில் இருந்ததால் காது பாதி, அதனால் குரல் இரண்டு மடங்கு. இன்னொருவர் கடற்படைக்காரர், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டார், நங்கூரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் திரையில் கட்டங்கள் வரிசையாக மின்னி அணையும். அதே வரிசையில் நாங்கள் தொட வேண்டும். தப்பாகத் தொட்டால், "நல்ல முயற்சி!" என்று ஒரு பெண்குரல் குதூகலமாகச் சொல்லும். முதல் வாரம் அந்தக் குரல் என்னைப் பாராட்டியதைப்போல என் வாழ்நாளில் யாரும் பாராட்டியதில்லை.

செய்கிற காரியத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், கவனம் சிதறாது என்றும் மேடம் சொல்லிக்கொடுத்தார். மெதுவாகச் சொன்னால் போதும் என்றுதான் சொன்னாராம், அதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் வெளியே கிளம்பும்போது அணிவகுப்புக் குரலில், "விளக்கை அணைக்கிறேன்! அணைத்துவிட்டேன்! ஜன்னலைச் சாத்துகிறேன்! சாத்திவிட்டேன்! கதவைப் பூட்டுகிறேன்!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால், மாடி வீட்டு அம்மாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், கேஸை அணைச்சதாச் சொல்லவே இல்லையே!" என்றார். போய்ப் பார்த்தேன். அணைக்கவில்லை. இப்போது நான் கிளம்பும் நேரம் அவரும் பால்கனிக்கு வந்துவிடுகிறார். சில நாள் நான் ஒன்றை விட்டுவிட்டால், எதிர்வீட்டிலிருந்தும் குரல் வருகிறது.

இப்படியெல்லாம் கேலி செய்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மெல்ல மெல்ல ஏதோ நடந்தது. பத்திரிகையில் ஒரு செய்தியை முழுசாகப் படித்து, அதை என் மனைவியிடம் சொல்லி, அவளோடு சண்டையும் போட்டேன். "சண்டை போடற அளவுக்கு வந்துட்டீங்க!" என்று அவள் கண் கலங்கினாள். அந்தத் தெம்பில்தான் செவ்வாய்க்கிழமைக் காரியம் என் தலையில் வைக்கப்பட்டது. சம்பந்தியம்மாள் தவறிப்போன துக்கத்துக்குப் பிறகு நீங்கள் தனியாக இருக்கிறீர்களே என்று மருமகள் போனில் கவலைப்பட, கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கட்டும் என்று என் மனைவி உங்களை அழைத்தாள் இல்லையா? அவளுக்குக் கடையில் விடுப்பு இல்லை. "நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று நானே முன்வந்தேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். அந்த ஒரு 'சரி'க்காகத்தான் நான் வகுப்புக்கே போனேன் என்று அப்போது தோன்றியது.

ஒரே ஒரு சிக்கல். உங்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. கல்யாணக் கூட்டத்தில் அவசரமாகப் பார்த்தது. துக்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் இருந்த இருப்பில் என் காலைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'சம்பந்தி முகம் மறந்துபோச்சு, போட்டோ காட்டு' என்று மனைவியிடம் கேட்கலாம்தான். கேட்டால் அந்த 'சரி' போய்விடும். எனவே மருமகளிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். "அப்பா உயரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பழுப்பு நிறப் பையோட வருவார் மாமா" என்றாள். எதையும் ஒரு வேடிக்கையான படமாக மனசில் வரைந்துகொண்டால் மறக்காது என்று மேடம் சொல்லியிருக்கிறார். தாங்கள் மன்னிக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு பழுப்புப் பையைக் கழுத்தில் மாட்டியிருக்கும் ஒட்டகச்சிவிங்கியாக உங்களை வரைந்துகொண்டேன்.

ரயில் நேரத்துக்கு வந்தது. நானும் நேரத்துக்கு நின்றேன். மூன்றாவது பெட்டியிலிருந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஒட்டகச்சிவிங்கியே இறங்கிற்று. உயரம், கண்ணாடி, பழுப்புப் பை. "வாங்க வாங்க!" என்று பையை வாங்கிக்கொண்டேன். அவரும் முகம் மலர்ந்து, "அம்மாகிட்டதான் போன்ல பேசினேன். வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வருவார்னு சொன்னாங்க. நீங்கதானே வீட்டுக்காரர்?" என்றார். என் மனைவிக்கு நான்தானே வீட்டுக்காரர்? "நானேதான்!" என்றேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் உட்காரவில்லை. கூரையைப் பார்த்து, "ஒழுகுமா?" என்றார். சம்பந்தி வீடு என்றால் இப்படியெல்லாம் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டு, "பலத்த மழைக்கு மட்டும், அந்த மூலையில" என்றேன். குழாயைத் திறந்து பார்த்தார். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். குளிக்க வேண்டுமோ என்று வெந்நீர் வைத்தேன், "வெந்நீர்கூட வருமா! பேஷ்" என்று போய்க் குளித்துவிட்டு வந்தார். சாப்பாடு போட்டேன். "எல்லாம் ரொம்ப வசதி. இப்படி ஒரு மனுஷரை நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். என் மகன் அறையைக் காட்டி, "இது காலியாத்தான் கிடக்கு, உங்களுக்குத்தான். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம்" என்றேன். "நாள் கணக்கெல்லாம் இல்ல, வருஷக் கணக்குல இருக்கிறதா உத்தேசம்" என்றார். கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். "நல்லது" என்றேன். "நான் மட்டும் இல்ல, என் மனைவியும் வருவா. கூட ரெண்டு நாய்."

இந்த இடத்தில்தான், சம்பந்தி, என்னை நீங்கள் மன்னிப்பது கஷ்டம். வேறு யாராக இருந்தாலும் 'நீங்க யாரு சார்?' என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. சம்பந்தியம்மாள் தவறிப்போய் ஒரு வருஷம் ஆயிற்றே, துக்கத்துக்குப் போய் வந்தோமே என்று மனசு சொன்னது. ஆனால் ஸ்கூட்டரைத் திருட்டுக் கொடுத்த அதே மனசுதானே இது? இதை நம்புவதா, எதிரில் நின்று பல் குத்திக்கொண்டிருக்கும் ஆளை நம்புவதா? ஆளைத்தான் நம்பினேன். அந்த அம்மாள் உயிரோடுதான் இருக்கிறார், எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், நடுவில் ஒரு நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது. போனவர்கள் யாரும் போகவில்லை, எல்லாம் என் மூளைக் கோளாறுதான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எனக்கு வேறு சில பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

மத்தியானம் என் மனைவி வந்தாள். அவர் எழுந்து கும்பிட்டு, "வாங்கம்மா. வீடு பிடிச்சிருக்கு. முன்பணம் உங்ககிட்ட கொடுக்கவா, சார்கிட்ட கொடுக்கவா?" என்றார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காலியான சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தாள். "யாருங்க இது?" என்றாள். "நம்ம சம்பந்தி" என்றேன். "சம்பந்தியா? நான் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன்மா!" என்றார் அவர். அவர் தேடி வந்த வீட்டுக்காரர் வேறு யாரோ. அதற்குமேல் நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குப் போன் அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினாள். இரண்டு பேரும் ரயிலடிக்கு ஓடினோம். பிளாட்பாரத்தில் கூட்டுகிறவரைத் தவிர ஆள் இல்லை. நான் அறிவிப்பு அறைக்குள் நுழைந்து, "எங்க சம்பந்தியைக் கூப்பிடணும்" என்றேன். "பேர் சொல்லுங்க சார்" என்றார் அங்கிருந்தவர். சம்பந்தி, அந்த நிமிஷம் உங்கள் பெயர் எனக்கு வரவில்லை. என் பெயரே வந்திருக்குமா என்பது சந்தேகம். "சம்பந்தின்னு சொன்னாலே தெரியும்" என்று கெஞ்சினேன். அந்த மனிதர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒலிபெருக்கியில், "மருமகளின் அப்பா எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்" என்று அறிவித்தார். வெளியே டிக்கெட் வரிசையிலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். மூன்று பேரும் பதறிப்போய், "என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்போதுதான் உங்களிடமிருந்து போனில் அந்தச் செய்தி வந்தது: "பரவாயில்லை. வீட்டில்தான் இருக்கிறேன். கவலை வேண்டாம்." கோபம் இல்லாமல் அவ்வளவு அமைதியாக ஒரு மனிதர் எழுதினால் அது எப்பேர்ப்பட்ட கோபம் என்று என் மனைவி அழுதாள். காத்திருந்து காத்திருந்து, மனம் நொந்து, வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறீர்கள். மருமகள் எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போய், "மேடம், நான் நின்னுக்கிறேன். எனக்கு இதெல்லாம் ஏறாது" என்றேன். நடந்ததைக் கேட்டார். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு கேட்டார்: "ரயில் சரியா?" "சரி." "நேரம் சரியா?" "சரி." "மனசுல வரைஞ்ச படம்?" "அச்சு அசல்." "அப்ப ஆள் மட்டும்தான் தப்பு. நீங்க மறந்ததால இது நடக்கலை. சந்தேகம் வந்தப்ப கேக்க வெக்கப்பட்டீங்க பாருங்க, அதனால நடந்தது. 'எனக்கு ஞாபகம் இல்ல, நீங்க யாரு?' இதை வாய்விட்டுச் சொல்லுங்க பார்ப்போம்." சொன்னேன். எல்லோரையும் சொல்லச் சொன்னார். பீரங்கி சொன்ன சத்தத்தில் பல் டாக்டரே எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதிலேயே கஷ்டமான வாக்கியம் அதுதான். நங்கூரம் மாத்திரம் வாயைத் திறக்கவே இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, "என்னால சொல்ல முடியல. நீ நின்னுட்டா நானும் நின்னுடுவேன்" என்றார். அதனால் நிற்கவில்லை.

இவ்வளவுதான் விஷயம். தங்கள் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமனார் இப்படிப்பட்ட ஆசாமி என்று முன்கூட்டியே சொல்லாமல் மறைத்ததும் தப்பு. இனி வருவதும் வராததும் தங்கள் இஷ்டம். நீங்கள் எங்கே இருந்தாலும் நல்ல தூக்கமும் பசியும் உங்களுக்கு வாய்க்கட்டும். இந்த இரண்டும் இல்லாமல் இருந்து பார்த்தவன் என்பதால் இதைவிடப் பெரிய வாழ்த்து எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்களைத் தவறவிட்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் போன் வந்துவிட்டது. நாம் பேசியதை நீங்கள் மறக்கமாட்டீர்கள், நான்தான் எழுதி வைத்துக்கொள்கிறேன். எடுத்ததும் நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நீங்கள், "சம்பந்தி, கொஞ்சம் நிறுத்துங்க. நான் அன்னிக்கு ரயிலே ஏறலை" என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. "பையை எல்லாம் எடுத்து வச்சுட்டுக் கட்டில்ல உக்காந்தேன். எழுந்திரிக்க முடியல. ரயில் போற சத்தம் கேட்டுது. அப்பவும் உக்காந்திருந்தேன். என்னை ஸ்டேஷன்ல தவறவிட்டுட்டீங்கன்னு எல்லாரும் உங்களைத் திட்டுறாங்கன்னு பொண்ணு சொன்னா. உண்மையைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க." அதற்குள் கடையிலிருந்து வந்துவிட்ட என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் அழுததெல்லாம்?" என்றாள் என்னிடம். "வேற எதுக்காவது வச்சுக்கலாம்" என்றேன்.

பிறகு நீங்கள் தயங்கித் தயங்கி, "நீங்க போற கம்ப்யூட்டர் வகுப்புல என்னையும் சேர்த்துக்குவாங்களா? இப்பல்லாம் எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது" என்றீர்கள். அது கம்ப்யூட்டர் வகுப்பு இல்லை, பட்டாளத்துக்காரர்களுக்கு உள்ள வகுப்பு என்று சொன்னேன். "முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்திருக்கேன், அது போதாதா?" என்றீர்கள். ஒரு வாரமாக இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, என் மனைவி சிரித்துவிட்டாள். நீங்கள் வைத்ததும் மேடத்திடம் போனில் கேட்டேன். அந்த வகுப்பில் இடமில்லையாம், ஆனால் வெளி ஆட்களுக்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், நேரம் வாங்கித் தருகிறேன் என்றார்.

எனவே மேலே எழுதிய மன்னிப்பு அத்தனையும் வாபஸ். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை ரயிலில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் தூங்காமலிருந்தால் அவருக்குப் படித்துக் காட்டுவேன். நீங்கள் பை எதுவும் கட்ட வேண்டாம், சவரம் செய்ய வேண்டாம், கட்டிலைவிட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் படுத்த இடத்திலிருந்தே ஜன்னல் பக்கமாக ஒரு குரல் கொடுங்கள். மீதியை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம்.